கரையோரக் கடலில் ஸ்பெர்ம் திமிங்கலங்கள்: எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி இதுதான்: 12 மீட்டர் படகு ஒன்று இருக்கிறது, நான்கைந்து பேர் இருக்கிறார்கள், ஒரு பருவம் கையில் இருக்கிறது. கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை ஸ்பெர்ம் திமிங்கலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போட வேண்டும். பைனாகுலரோடு கோடு கோடாகப் போய்வந்தால் போதுமா?

போதாது. முதலில் "20 கிலோமீட்டர்" என்ற எல்லையை விட்டுவிடுங்கள். இந்தத் திமிங்கலம் ஆழத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறது, கரை எவ்வளவு தூரம் என்பது அதற்குப் பொருட்டில்லை. இரண்டாவது, கண்ணுக்கு முன் காதை வையுங்கள். மூன்றாவதுதான் பலர் கோட்டை விடும் இடம்: திமிங்கலம் கிடைத்த இடத்தைக் குறிப்பது பாதி வேலை. தேடியும் கிடைக்காத இடத்தை அதே கவனத்தோடு குறித்தால்தான் அது பரவல் வரைபடம். இல்லாவிட்டால் உங்கள் படகு எங்கெல்லாம் போனது என்பதற்கான வரைபடம் மட்டுமே மிஞ்சும்.

ஆழத்திலிருந்து தொடங்குவோம். ஸ்பெர்ம் திமிங்கலம் பெரும்பாலும் 400 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் கணவாய்களைத் தேடி இரை பிடிக்கிறது. அதனால் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) முடிந்து கடலடி சட்டென்று சரியும் இடம் கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ, அவ்வளவு பக்கத்தில் திமிங்கலமும் வரும். நியூசிலாந்தின் கைகோராவில் 1,000 மீட்டருக்கு மேல் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே இருக்கிறது. அங்கே ஆண் திமிங்கலங்களை ஆண்டு முழுவதும் காணலாம். நார்வேயின் ஆண்டனெஸ், இலங்கையின் திருகோணமலை, கரீபியனில் டொமினிக்காவின் மேற்குக் கரை என எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். கண்டத்திட்டு 100 கிலோமீட்டர் அகலமாக இருக்கும் கரையில், 20 கிலோமீட்டர் வரை எத்தனை மாதம் தேடினாலும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே பகுதிகளைச் சம ஆழக்கோடுகளை வைத்துப் பிரியுங்கள்: 200 மீட்டருக்குள், 200 முதல் 1,000 வரை, 1,000 முதல் 2,000 வரை, அதற்கும் அப்பால். பெரும்பகுதி நேரத்தை நடு இரண்டிலும் செலவிடலாம், ஆனால் ஆழமில்லாத பகுதியை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். பெண்களும் குட்டிகளும் ஏறத்தாழ 40 பாகை அட்சரேகைக்குள், வெதுவெதுப்பான, பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள நீரிலேயே இருக்கும். வளர்ந்த ஆண்கள் துருவக் கடலோரம் வரை போகும். ஆழம் குறைந்த இடத்துக்கும் வரும். அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்கு அப்பால் 100 மீட்டர் ஆழம்கூட இல்லாத நீரில் அவற்றைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். "இங்கே வராது" என்று முன்கூட்டியே முடிவு செய்து போகாமல் விட்ட இடம், வரைபடத்தில் "இங்கே இல்லை" என்று பொய் சொல்லும்.

கண் மட்டும் ஏன் போதாது என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு திமிங்கலம் சராசரியாக 45 நிமிடம் மூழ்கி, 9 நிமிடம் மேலே மூச்சு வாங்குகிறது என்று வைப்போம். ஒரு சுற்று 54 நிமிடம். படகு 10 நாட் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு சுமார் 300 மீட்டர், போகிறது. முன்னால் 4 கிலோமீட்டர் வரை மூச்சுப் பீச்சு, அதாவது திமிங்கலம் மூச்சு விடும்போது எழும் நீராவி, தெரிகிறது. அப்படியென்றால் ஓர் இடம் உங்கள் பார்வையில் 13 நிமிடம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் திமிங்கலம் ஒருமுறையாவது மேலே இருக்க வாய்ப்பு (9+13)/54, அதாவது சுமார் 0.41. நேர்கோட்டில் கிடக்கும் திமிங்கலத்திலேயே பாதிக்கு மேல் தப்பிவிடுகிறது. விமானத்தில் போனால் இன்னும் மோசம்: 100 நாட் வேகத்தில் 2 கிலோமீட்டரைக் கடக்க 40 விநாடி போதும், வாய்ப்பு 0.18க்கு இறங்கிவிடும்.

இது சின்ன விவகாரம் இல்லை. உலகில் மொத்தம் எத்தனை ஸ்பெர்ம் திமிங்கலங்கள் என்ற மதிப்பீடு 2002இல் 3.6 லட்சமாக இருந்தது. 2022இல் அது சுமார் 8.5 லட்சம் ஆனது. இருபது ஆண்டில் திமிங்கலம் இரட்டிப்பானது என்று இதற்குப் பொருள் இல்லை. கூடுதல் கணக்கெடுப்புகள் சேர்ந்தன, நீருக்கடியில் இருந்ததால் தப்பியவற்றுக்கான திருத்தமும் சேர்ந்தது.

காதுக்கு வருவோம். இரை தேடும்போது ஒரு திமிங்கலம் அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை "டக், டக்" என்று கிளிக் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். விலங்குலகில் அளக்கப்பட்ட மிக உரத்த ஒலிகளில் இதுவும் ஒன்று. நல்ல நிலையில் படகின் பின்னால் இழுக்கும் ஹைட்ரோஃபோனுக்கு (நீருக்கடி ஒலிவாங்கி) 8 கிலோமீட்டர், சில நேரம் அதற்கு மேலும் கேட்கும். 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன்னே 8, பின்னே 8 என 16 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 86 நிமிடம் ஆகும். அது ஒரு முழு மூழ்கல் சுற்றைவிட நீளம். எனவே இரை தேடிக்கொண்டிருக்கும் திமிங்கலம் ஒன்று கோட்டுக்கு அருகில் இருந்தால், கிட்டத்தட்ட கட்டாயம் காதில் விழுந்துவிடும். 2018இல் மத்தியதரைக் கடல் முழுவதும் அக்கோபாம்ஸ் (திமிங்கலப் பாதுகாப்புக்கான நாடுகளின் ஒப்பந்தம்) நடத்திய கணக்கெடுப்பில் விமானங்களோடு ஒலி கேட்கும் கப்பலையும் சேர்த்ததற்குக் காரணம், ஆழத்தில் மூழ்கும் இனங்களை விமானத்திலிருந்து எண்ண முடியாது என்பதுதான்.

கோடுகளை எப்படிப் போடுவது? ஆழக்கோடுகளைக் குறுக்கே வெட்டும்படி போட வேண்டும். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓட்டினால் திமிங்கலம் நிறையக் கிடைக்கும். அடர்த்தி மட்டும் தப்பாக வரும், ஏனென்றால் நல்ல இடத்தையே தேர்ந்தெடுத்து எண்ணியிருப்பீர்கள். இரண்டு வழிகள் உண்டு: இணைகோடுகள், அல்லது கோணல்மாணலாகப் போகும் ஜிக்ஜாக். சிறிய படகுக்கு ஜிக்ஜாக்தான் எரிபொருள் மிச்சம். தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் முறையில் எடுங்கள். கணக்கெடுப்புக்கான டிஸ்டன்ஸ் மென்பொருள் அதைச் செய்துதரும். ஒவ்வொரு ஆழப் பகுதியிலும் குறைந்தது 10, முடிந்தால் 20 கோட்டுத் துண்டுகள் விழ வேண்டும். ஐந்தாறு நீளக் கோடுகளைவிட இருபது குட்டைக் கோடுகள் மேல். கோடுகளுக்கு இடையே 8 கிலோமீட்டர்தான் என்றால், ஒரே திமிங்கலம் அடுத்தடுத்த இரண்டு கோட்டிலும் கேட்கும். அவற்றை வெவ்வேறு நாளில் ஓட்டுங்கள்.

கருவி விஷயத்தில் ஆடம்பரம் தேவையில்லை. 100 முதல் 200 மீட்டர் கேபிள், அதன் நுனியில் எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஹைட்ரோஃபோன்கள், முன்பெருக்கி, ஒலிப்பதிவு அட்டை, மடிக்கணினி, கிளிக் ஒலிகளைக் கண்டறியும் பாம்கார்ட் மென்பொருள். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மட்டும் என்றால் 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் தாராளம், 48கூடச் சமாளிக்கும். 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் அவசியம், இல்லாவிட்டால் எஞ்சின் இரைச்சலும் கேபிள் மேல் ஓடும் நீரின் இரைச்சலும் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

திசை எப்படித் தெரிகிறது? நீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும்; 3 மீட்டர் இடைவெளியைக் கடக்க 2 மில்லி விநாடி. திமிங்கலம் நேர் முன்னால் இருந்தால் இரண்டு ஹைட்ரோஃபோனுக்கும் இடையே 2 மில்லி விநாடி வித்தியாசம். பக்கவாட்டில் இருந்தால் பூஜ்யம். 1 மில்லி விநாடி என்றால் 60 பாகை. திரையில் கீழிருந்து மேலாக நேரம், குறுக்கே 0 முதல் 180 பாகை வரை திசை என்று வைத்துப் பார்த்தால், ஒரு திமிங்கலத்தின் கிளிக்குகள் வரிசையான புள்ளிகளாக 10 பாகையில் தொடங்கி, மெல்ல நகர்ந்து, படகு அதைக் கடக்கும்போது 90ஐத் தாண்டி, 170 பக்கம் போய் மறையும். அருகில் இருப்பது 90ஐ வேகமாகத் தாண்டும், தூரத்தில் இருப்பது நிதானமாக. சொந்தப் படகின் புரொப்பெல்லர் இரைச்சல் முன்பக்கம் ஒரே திசையில் செங்குத்துக் கோடாக அப்படியே நிற்கும். சீரான இடைவெளியில், நகராமல், சற்றும் மாறாத வடிவில் வரும் புள்ளிகள் எக்கோ சவுண்டர், அதாவது ஒலித்துடிப்பு அனுப்பிக் கடல் ஆழத்தை அளக்கும் கருவி. புதியவர்கள் அதைத் திமிங்கலம் என்று எண்ணிவிடுவது வழக்கம். கணக்கெடுக்கும்போது உங்கள் எக்கோ சவுண்டரை அணைத்துவைப்பதுதான் நல்லது. ஆழத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதுபோன்ற துடிப்பொலி கேட்டு ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வாயடைத்துப்போவது 1970களிலேயே பதிவாகியிருக்கிறது.

இந்த அமைப்பில் இடமா வலமா என்று தெரியாது. அது தேவையென்றால் படகை 20, 30 பாகை திருப்பிச் சில நிமிடம் ஓட்டுங்கள். சரியான பக்கத்தில்தான் திசைக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்.

இன்னொரு பொறி தூரக் கணக்கில் இருக்கிறது. கேபிள் சொல்வது சாய்வுத் தூரம். 800 மீட்டர் ஆழத்தில் இருக்கும் திமிங்கலம் 1,000 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டினால், கடல்மட்டத்தில் கோட்டிலிருந்து அதன் உண்மைத் தூரம் 600 மீட்டர்தான். கோட்டுக்கு நேர் கீழே இருப்பதுகூட 800 மீட்டர் தள்ளி இருப்பதாகப் பதிவாகும். விளைவாக, கோட்டுக்கு அருகே யாரும் இல்லாததுபோல் ஒரு பள்ளம் வரைபடத்தில் விழும். திமிங்கலம் படகைப் பார்த்து விலகிப்போகிறது என்று அதற்குத் தவறான விளக்கமும் எழுதிவிடுவார்கள். சில கிலோமீட்டருக்கு அப்பால் இந்தப் பிழை அற்பம். அருகில் இருப்பவற்றுக்கு ஆழத்தை ஊகித்துத் திருத்துங்கள், அல்லது நேரடி ஒலிக்கும் கடல்மட்டத்தில் பட்டு வரும் எதிரொலிக்கும் உள்ள கால வித்தியாசத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

கரையோரத்துக்கே உரிய தொல்லைகள் தனி. படகு வேகம் குறைந்தால் கேபிள் தொங்கித் தரையைத் தட்டும். 200 மீட்டர் கேபிளோடு 100 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். முதலில் கேபிளை உள்ளே இழுங்கள், பிறகு வேகத்தைக் குறையுங்கள். வலைகளும் கூடுகளும் நிறைந்த இடத்தில் இரவில் இழுக்காதீர்கள். சரக்குக் கப்பல் ஒன்று 5 கிலோமீட்டரில் போனாலே கேட்கும் தூரம் 8இலிருந்து 2, 3ஆகச் சுருங்கலாம். அதனால்தான் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் ஹெட்ஃபோனில் கேட்டு, கிளிக் ஒலிக்கு 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், பின்னணி இரைச்சலுக்கு 0 முதல் 5 வரை இன்னொன்று என்று எழுத வேண்டும். "கிளிக் 0, இரைச்சல் 1" என்பது திமிங்கலம் இல்லை என்பதற்கு ஆதாரம். "கிளிக் 0, இரைச்சல் 5" என்பது எதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒரே பூஜ்யமாகப் பதிவு செய்தால், கப்பல் பாதை முழுவதும் திமிங்கலமே இல்லாததுபோல் வரைபடம் காட்டும். கிரேக்கத்தின் ஹெல்லனிக் ஆழ்பள்ளம்போல, திமிங்கலங்கள் கப்பல்களில் அடிபடும் இடங்களில் அந்தப் பிழை கொலைக்குச் சமம். பாதையை எந்தப் பக்கம் எத்தனை கிலோமீட்டர் நகர்த்த வேண்டும் என்று அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

காது இருந்தால் கண் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மேலே ஓய்வெடுக்கும் கூட்டம் மணிக்கணக்கில் ஒலியே எழுப்பாது. குட்டிகளின் எண்ணிக்கையும் கூட்டத்தின் அளவும் கண்ணால்தான் கிடைக்கும். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 4 வரை பார்க்கலாம். அதற்கு மேல் வெண்ணுரையில் மூச்சுப் பீச்சு தொலைந்துவிடும். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பீச்சு நேராக எழாது, முன்னும் இடமுமாகச் சாய்ந்து அடர்த்தியற்ற புதராக எழும், ஏனென்றால் மூச்சுத்துளை தலையின் முன்நுனியில் இடப்பக்கம் இருக்கிறது. சாய்ந்த பீச்சு, மரக்கட்டைபோல் அசையாமல் கிடக்கும் உடல், பிறகு முக்கோண வால் துடுப்பு செங்குத்தாக எழுந்து மூழ்குவது: மூன்றில் இரண்டு தெரிந்தால் அடையாளம் உறுதி.

தூரத்தைக் கண் மதிப்பில் சொல்லாதீர்கள். அளவுகோடுள்ள 7×50 பைனாகுலரில் தொடுவானத்திலிருந்து எத்தனை கோடு கீழே என்று படியுங்கள். கரையோரத்தில் இங்கே ஒரு பெரிய ஆபத்து: கரைப்பக்கம் பார்த்தால் தொடுவானம் தெரியாது, கரையோரக் கோடுதான் தெரியும், அது உண்மைத் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. கண் உயரம் 6 மீட்டர், கரை 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். கரைக்கோட்டுக்கு 1 மில்லிரேடியன் (ஒரு பாகையில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு) கீழே ஒரு திமிங்கலம். அதைத் தொடுவானத்துக்குக் கீழே என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 2.8 கிலோமீட்டர் வரும். உண்மையில் அது 1.95 கிலோமீட்டரில் இருக்கிறது. இப்படியே எல்லாத் தூரமும் கூடிப்போனால் அடர்த்தி குறைந்துவிடும், அதுவும் கரைப்பக்கத்தில் மட்டும். பதிவுத்தாளில் "தொடுவானமா, கரையா" என்று ஒரு கட்டம் வையுங்கள். கரை என்றால் அந்தத் திசையில் கரை எவ்வளவு தூரம் என்பதை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். தூரம் கூடக் கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று சொல்லும் கண்டறிதல் சார்பைப் பொருத்த 60 முதல் 80 காட்சிகள் வேண்டும். ஒரு பருவத்தில் அவ்வளவு கிடைக்காவிட்டால் பருவங்களைச் சேர்த்துப் பொருத்துங்கள்.

கேபிள் வாங்க வழியில்லையா? நிறுத்திக் கேட்கும் முறை இருக்கிறது, அது மோசமான முறையும் அல்ல. 6 முதல் 8 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து, எஞ்சினை அணைத்து, ஒற்றை ஹைட்ரோஃபோனைப் பத்து இருபது மீட்டர் இறக்கிக் கேளுங்கள். எவ்வளவு நேரம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். தனி ஆண் ஒன்று 54 நிமிடச் சுற்றில் சுமார் 36 நிமிடம்தான் கிளிக் செய்யும். மேலேறும்போதும், மேலே இருக்கும்போதும், மூழ்கத் தொடங்கும் கொஞ்ச நேரமும் மௌனம். மூன்று நிமிடம் கேட்டுவிட்டுக் கிளம்பினால், இருக்கும் திமிங்கலத்தில் கால்பங்குக்கு மேல் இழப்பீர்கள். மௌனம் கிட்டத்தட்ட 18 நிமிடம் என்பதால், 5 நிமிடம் கேட்டு, 20 நிமிட இடைவெளி விட்டு மறுபடி 5 நிமிடம் கேட்பது சரியாக வரும். உங்கள் கருவிக்கு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்: திமிங்கலம் வால் தூக்கி மூழ்கிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஒவ்வொரு கிலோமீட்டராக விலகிப் போய்க் கேளுங்கள். கிளிக் ஒலி முன்பக்கமாகக் குவிந்து போவதால் ஒரே திமிங்கலத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. பல தடவை செய்து நடுவளவை எடுங்கள்.

யார் இருக்கிறார்கள் என்பதும் பரவலின் ஒரு பகுதி. ஒரு கிளிக்கை விரித்துப் பார்த்தால் அது ஒற்றை ஒலி அல்ல, தலைக்குள் முன்னும் பின்னும் எதிரொலித்து வரும் துடிப்புகளின் வரிசை. துடிப்புகளுக்கு இடையிலான நேரம் தலையின் நீளத்தைச் சொல்லும், தலை உடலின் நீளத்தைச் சொல்லும். 3.5 மில்லி விநாடி என்றால் ஏறத்தாழ 10 மீட்டர்: பெண்ணோ இளம் ஆணோ. 8 மில்லி விநாடி என்றால் 16 மீட்டருக்கு அருகே: வளர்ந்த ஆண். எல்லாக் கிளிக்கிலும் இது தெளிவாகத் தெரியாது. திமிங்கலம் உங்களுக்கு நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருக்கும்போது வருபவற்றைப் பொறுக்கி, பல கிளிக்குகளின் சராசரியை எடுக்க வேண்டும். வால் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளைப் படம்பிடித்தால் தனித்தனித் திமிங்கலங்களை அடையாளம் காணலாம். நேர் பின்னால் நின்று, துடுப்பு செங்குத்தாக இருக்கும் அந்த ஒரு நொடியில், 1/1000 விநாடியோ அதைவிட வேகமாகவோ எடுங்கள். நெருங்குவதற்கான அனுமதியும் தூர விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. அவற்றை முடித்துவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும்.

வரைபடமாக்கும்போது ஆழம், சரிவு, 1,000 மீட்டர் ஆழக்கோட்டிலிருந்து தூரம், பள்ளத்தாக்கிலிருந்து தூரம் ஆகியவற்றை முதலில் புள்ளியியல் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பு வெப்பநிலை, பச்சையம் பிறகு. கடலடி ஆழத்துக்கு ஜெப்கோ என்ற உலகளாவிய ஆழ வரைபடத் தரவு இலவசம், ஆனால் அதன் கட்டம் 15 ஆர்க் விநாடி, நிலநடுக்கோட்டில் சுமார் 460 மீட்டர். குறுகிய பள்ளத்தாக்குகளின் செங்குத்துச் சுவர்கள் அதில் மழுங்கிப்போகும். கடற்படையோ பல்கலைக்கழகமோ எடுத்த நுண்ணிய அளவீடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். படகு போகாத ஆழத்துக்கு மாதிரி சொல்லும் கணிப்பை வரைபடத்தில் வண்ணமிடாதீர்கள், சாம்பலாக விடுங்கள்.

ஒரு பருவத்தோடு நிறுத்தாதீர்கள். 2016 நவம்பரில் வந்த நிலநடுக்கம் கைகோரா பள்ளத்தாக்கின் அடித்தரையை வாரிக்கொண்டு போனது. அடுத்த ஓராண்டுக்குத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தை மாற்றின, மேலே தங்கும் நேரமும் சுமார் கால்பங்கு கூடியது. முந்தைய ஆண்டுகளின் பதிவு இருந்ததால்தான் அந்த மாற்றம் தெரிந்தது.

கடைசியாக, பிறர் தரவு. சி. எச். டவுன்செண்ட் 1935இல் அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்களின் பதிவேடுகளிலிருந்து வெளியிட்ட வரைபடங்கள் இன்றும் பயன்படுகின்றன, ஆனால் அவை வேட்டைக் கப்பல்கள் எங்கே போயின என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன. கரை ஒதுங்கிய உடல்களைப் பரவல் புள்ளியாகச் சேர்க்கவே வேண்டாம். பிணம் காற்றிலும் நீரோட்டத்திலும் வெகுதூரம் மிதந்து வரும். சுற்றுலாப் படகுகளின் தகவலை எடுத்துக்கொள்ளலாம், ஒரே நிபந்தனையோடு: திமிங்கலம் கிடைக்காத நாள் உட்பட ஒவ்வொரு பயணத்தின் ஜிபிஎஸ் தடமும் வேண்டும். தடம் இல்லாத காட்சிப் பதிவுகளைத் தனி அடுக்கில் வையுங்கள், அடர்த்திக் கணக்கில் கலக்காதீர்கள்.